எஸ்கிலின் வாரிசு

டுவேன் மாட்சனின் இடது முழங்கால் நாலாவது படியிலேயே குத்த ஆரம்பித்துவிட்டது. முப்பத்தெட்டு வருஷம் ஊர்க் கூரைகளின்மேல் முட்டி போட்டு ஆணி அடித்த கால். மழைக்கு முன்னால் வலிக்கும், மழையில் வலிக்கும், மழை விட்டதும் ஏன் விட்டது என்று கேட்டு வலிக்கும். பழைய சர்ச்சின் அலுவலகம் மாடியில் இருந்தது. மொத்தம் இருபத்திரண்டு படி. இந்த மாதத்தில் மூன்றாவது தடவையாக ஏறுகிறான்.

மேஜைக்கு அந்தப் பக்கம் வம்சாவளிக் கமிட்டி உட்கார்ந்திருந்தது. நடுவில் மிஸஸ் ஹெல்ம்ஸ். இரண்டு பக்கமும் இரண்டு கிழவர்கள். ஒருவர் தூங்குவார். இன்னொருவர் அவர் தூங்குகிறாரா என்று பார்த்துக்கொள்வார்.

டுவேன் நாற்காலியை இழுத்தான்.

"அதுல உட்காராதீங்க மிஸ்டர் மாட்சன். முந்நூறு வருஷத்துப் பழசு."

"என் முழங்காலும் அப்படித்தாங்க" என்று சொல்லிவிட்டு நின்றான்.

மிஸஸ் ஹெல்ம்ஸ் அவனுடைய மனுவை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள். ஈரத்துணியைக் கொடியில் போடப் போகிறவள் மாதிரி.

"ஆண்டர்ஸ் மாட்சன் உங்க முன்னோர்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாங்க. மொதல் கப்பல்ல வந்தவங்க பட்டியல்ல இருக்காரு. அவரும் மாட்சன், நானும் மாட்சன்."

"அவருக்குக் கல்யாணமே ஆகல."

டுவேன் தொப்பியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான்.

"வந்து ரெண்டாவது வருஷமே ஆத்துல விழுந்து செத்துப் போனார். பத்தொம்பது வயசு."

"பத்தொம்பது வயசுன்னா... கல்யாணம் ஆகாமக்கூட..."

மிஸஸ் ஹெல்ம்ஸ் கண்ணாடியைக் கழற்றினாள். "அந்த வாக்கியத்தை முடிக்காதீங்க."

தூங்காத கிழவர் இருமினார். மனுவின்மேல் சிவப்பு முத்திரை விழுந்தது: 'ஐயத்துக்குரியது.'

"வாரிசுப் பட்டியலை ஜூன் முப்பதாம் தேதி மூடிடுவோம்" என்றாள் மிஸஸ் ஹெல்ம்ஸ். "அதுக்குள்ள சரியான ஆளைக் கண்டுபிடிச்சு, ஒவ்வொரு தலைமுறைக்கும் சான்றோட வாங்க. இல்லேன்னா உங்க பொண்ணு கல்யாணத்துக்குப் பிப்ரவரில நிறைய சனிக்கிழமை காலியா இருக்கு."

பிப்ரவரியில் அந்த ஊரில் ஓடையே உறைந்துவிடும்.

இத்தனைக்கும் அவன் தன் வாயால் கெட்டவன்தான். ஆறு மாதத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டு விருந்தில், இரண்டாவது பீருக்கும் மூன்றாவது பீருக்கும் நடுவில் சொல்லிவிட்டான். "அந்த சர்ச்சைக் கட்டினதே எங்க ஆளுங்கதான். ஸ்வீடன்லருந்து மொதல்ல வந்த கப்பல்ல வந்தவங்க நாங்க. அக்டோபர் சனிக்கிழமை என்ன, ஈஸ்டரையே எழுதி வாங்கித் தரேன்." அக்டோபர் சனிக்கிழமைகள் அந்த சர்ச்சில் முதல் குடியேறிகளின் வாரிசுகளுக்கு மட்டும்தான் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். மகள் கெல்சி மறுநாளே நூற்றறுபது அழைப்பிதழ் அச்சடித்துவிட்டாள். அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை, காலை பதினொரு மணி.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. அவளுக்கு ஆறு வயதிருக்கும்போது டுவேன் அந்தச் சர்ச்சுக் கூரைக்கு மரஓடு மாற்றினான். பள்ளிக்கூடம் விட்டு வந்து, கல்லறைச் சுவர்மேல் உட்கார்ந்து, மேப்பிள் இலை தலையில் உதிர உதிர, அவனுடைய சாப்பாட்டு டப்பாவிலிருந்து பன்றி வறுவல் சாண்ட்விச்சைத் தின்றுகொண்டே சொன்னாள்: "அப்பா, நான் இங்கதான் கல்யாணம் பண்ணுவேன். இதே மாதிரி இலை விழணும்." அவன் கூரைமேலிருந்து வாயில் ஆணியோடு "சரிடி" என்றிருந்தான்.

கீழே இறங்கி வந்தபோது எல்வுட் புல்வெட்டி வண்டியை நிறுத்திவிட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தான். எல்வுட் பிரிட்ஜ்டன் பக்கத்து லெனாப்பிப் பழங்குடி ஆள். கப்பல்கள் வருவதற்கு முன்பே அந்த ஆற்றங்கரை முழுக்க அவன் ஆட்களுடையதாக இருந்தது. இப்போது அவன் முப்பது வருஷமாக அந்தக் கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுகிறான். வண்டியின் முன்பக்கப் பெட்டி மூடியில் பெயின்டால் ஓர் ஆமை வரைந்திருந்தான்.

"என்ன மேஸ்திரி, கிடைச்சுதா அக்டோபரு?"

"கிடைச்சுது, பிப்ரவரி. என் முன்னோருக்குக் கல்யாணமே ஆகலையாம்."

"யாரைப் போட்டீங்க?"

"ஆண்டர்ஸ் மாட்சன்."

எல்வுட் காபி புரையேறச் சிரித்தான். "ஏன் மேஸ்திரி, உங்க ஆளுங்க பழக்கம் உங்களுக்கே தெரியாதா? அந்தக் காலத்துல அவங்களுக்கு ஏது குடும்பப் பேரு? அப்பன் பேரைத்தான் பின்னால ஒட்டிக்குவாங்க. மாட்ஸுக்குப் பொறந்தவன் மாட்சன். மாட்ஸோட அப்பன் மாட்சனா இருப்பானா? அவன் வேற ஏதாவது சன். உங்கள்ல எவனோ ஒருத்தன் காலத்துல இங்கிலீஷ்காரன் வந்து, போதும்டா மாத்துனதுன்னு நிறுத்தி வெச்சான். அதோட மாட்சன் உறைஞ்சு போச்சு."

டுவேன் யோசித்தான். அவன் தாத்தாவின் பைபிளில் பேர்கள் வரிசையாக இருந்தன. கார்ல், அதற்கு மேல் இன்னொரு கார்ல், ஐசக், அப்படியே ஏறி ஜோனஸ் மாட்சன் வரைக்கும். சர்ச்சின் ஞானஸ்நானப் புத்தகத்திலும் அதே வரிசைதான். ஜோனஸுக்கு மேலே காகிதம் இல்லை.

"அப்ப ஜோனஸோட அப்பன் பேரு மாட்ஸ்."

"அவ்வளவுதான் விஷயம். மாட்ஸோட அப்பன் யாருன்னு பாருங்க. கப்பல் பட்டியல்ல இருக்கிறது அவர்தான். ஜோனஸ் அங்கதான் படுத்திருக்காரு, வடக்கு மூலைல. அந்தக் காலத்துக் கல்லுல அப்பன் பேரும் சில சமயம் போடுவாங்க."

"உனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?"

"கல்லைச் சுத்திப் புல்லு வெட்டுறவன் கல்லைப் படிக்காம என்ன பண்ணுவான்?" எல்வுட் மிச்சக் காபியைப் புல்லில் கொட்டினான். "எங்க குடும்பத்துலயும் ரொம்ப நாளா ஒரு ஆளைத் தேடிட்டிருக்கோம்."

"கிடைச்சாரா?"

"கிட்ட வந்துட்டேன்னு நினைக்கிறேன்."

டுவேன் அதைக் காதில் வாங்கவில்லை. வடக்கு மூலைக்கு நொண்டிக்கொண்டே ஓடிக்கொண்டிருந்தான்.

ஜோனஸின் கல் முழுக்கப் பாசி. 'ஜோ' தெரிந்தது. '1771' மாதிரி ஏதோ தெரிந்தது. நடுவில் இருந்த மூன்று வரியும் பச்சையும் கறுப்பும் சேர்ந்து பழைய ரொட்டி மாதிரி இருந்தன. டுவேன் முட்டி போட்டுப் பார்த்தான். நகத்தால் சுரண்டினான். எழுந்திருக்க முடியாமல் ஜோனஸையே பிடித்துக்கொண்டு எழுந்தான்.

பாசி பிடித்த கூரையைச் சுத்தம் பண்ண அவனுக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். அந்த வழி அவன் வண்டியின் பின்பக்கத்திலேயே இருந்தது. தண்ணீர் பீய்ச்சுகிற மிஷின். சிமென்ட் தரையில் பத்து வருஷ எண்ணெய்க் கறையை உரித்து எடுக்கும்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வந்து குழாயை மாட்டினான். அழுத்தத்தைக் குறைவாக வைத்தான். பாசி அசையவில்லை. கொஞ்சம் ஏற்றினான். பாசி உரிந்து பறந்தது. டுவேனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். கல் வெள்ளையாக, அன்று காலைதான் வாங்கி வந்த பாலாடைக்கட்டி மாதிரி மின்னியது. மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக, கூரைக்கு அடிக்கிற மாதிரியே ஒழுங்காக அடித்தான். மிஷினை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தான்.

ஒரு எழுத்துகூட இல்லை.

இருநூற்றைம்பது வருஷ மழை அந்த எழுத்துகளை ஏற்கனவே தேய்த்து நூலாக வைத்திருந்தது. டுவேன் நாலு நிமிஷத்தில் அந்த நூலையும் அறுத்துவிட்டான். தோட்டத்திலேயே மிகச் சுத்தமான கல் இப்போது ஜோனஸுடையது. யாருடையது என்றுதான் தெரியவில்லை.

எல்வுட் வண்டியை நிறுத்திவிட்டு வந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"நல்லா வெளுத்திருக்கீங்க மேஸ்திரி."

"வாயை மூடு."

"இந்த வரிசையில இன்னும் எட்டு கல்லு அழுக்கா இருக்கு. அதையும்..."

"எல்வுட்!"

பத்து மணிக்கு மிஸஸ் ஹெல்ம்ஸ் போன் செய்தாள். செய்தவன் யார் என்று துப்பறிய வேண்டிய தேவை அவளுக்கு இருக்கவில்லை. 'மாட்சன் கூரை வேலை' என்று ஒரு அடி உயர எழுத்தில் எழுதிய வண்டி காலையிலிருந்து சர்ச் வாசலில் நின்றிருந்தது.

"மிஸ்டர் மாட்சன், விதி பதினொண்ணைப் படிக்கிறேன், கேளுங்க. கல்லறைக் கல்லைச் செத்தவரோட வாரிசு தொட்டா அது பராமரிப்பு. மத்தவங்க தொட்டா அது சேதம். சேதத்துக்குப் போலீஸைக் கூப்பிடணும்."

"நான் வாரிசுங்க!"

"ஜோனஸ் வரைக்கும் உங்க பைபிளும் ஞானஸ்நானப் புத்தகமும் பேசுது, ஒத்துக்கறேன். ஆனா நீங்கதான் எழுதிக் கொடுத்திருக்கீங்களே, ஆண்டர்ஸ் மாட்சனோட வம்சம்னு. ஜோனஸ் அந்த வம்சத்துல கிடையாது. உங்க கையெழுத்துப்படி பார்த்தா நீங்க யாரோ ஒருத்தர் கல்லைத்தான் அழிச்சிருக்கீங்க."

அன்று சாயங்காலம் சமையலறையில் அவன் மனைவி லொரெய்ன் சோளக் கதிரை உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு தோலைக் கொஞ்சம் வேகமாக உரித்தாள்.

"ஆக, நேத்து கல்யாணத்துக்கு இடம் இல்ல. இன்னிக்குக் கல்யாணத்துக்கு இடமும் இல்ல, பொண்ணோட அப்பனும் இருக்க மாட்டான்."

"அப்படியெல்லாம் உள்ள போட மாட்டாங்க லொரெய்ன்."

"போடட்டும். அங்கயாவது எதையும் கழுவாம இரு."

கெல்சி போனிலிருந்து தலை தூக்கினாள். "தீயணைப்பு நிலைய ஹால் காலியா இருக்காம்ப்பா. கேட்டு வெச்சுட்டேன்."

அதை அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் டுவேனுக்குத் தேவலை. சாதாரணமாகச் சொன்னாள். தீயணைப்பு நிலைய ஹாலில் வருஷா வருஷம் பனிக்காலத்தில் சதுப்பு நிலத்து எலியைப் பிடித்துச் சமைக்கிற சதுப்பெலி விருந்து நடக்கும். நானூறு பேருக்கு, வெங்காயம் போட்டு, வெண்ணெயில் வறுப்பார்கள். டுவேனும் இரண்டு தட்டுச் சாப்பிடுவான். ஆனால் அந்த வாடை சுவரில் ஏறி அடுத்த பனிக்காலம் வரைக்கும் இறங்காது.

"எலி வாடைல கல்யாணம் வேண்டாம்மா" என்றான்.

"பரவாயில்லப்பா. மெழுகுவர்த்தி நிறைய ஏத்திக்கலாம்."

அவனுக்கு அன்று சோளம் இறங்கவில்லை.

மறுநாள் எல்வுட் தன் வண்டிப் பெட்டியிலிருந்து பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு நோட்டை எடுத்து நீட்டினான். எண்ணெய்க் கறை, புல் கறை. உள்ளே கட்டம் போட்டு, ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு கட்டம். தோட்டத்து வரைபடம் மாதிரி இருந்தது.

"வந்த புதுசுல எழுதினது. அப்பெல்லாம் கொஞ்சம் படிக்க முடிஞ்சுது. வடக்கு மூலை, ஏழாவது."

டுவேன் விரல் வைத்துப் படித்தான். 'ஜோனஸ் மாட்சன். மாட்ஸ் எஸ்கில்சனின் மகன். 1694 - 1771.'

"எஸ்கில்சன்! அப்ப மாட்ஸோட அப்பன்..."

"எஸ்கில்."

டுவேன் அவன் தோளைப் பிடித்து உலுக்கினான். "எதுக்குய்யா இதையெல்லாம் எழுதி வெச்ச?"

"சொன்னேன்ல, ஒரு ஆளைத் தேடுறோம்னு."

"இதை நேத்தே காட்டியிருக்கலாமில்ல, நான் மிஷினை எடுக்குறதுக்கு முன்னாடி?"

"நீங்க காலைல ஏழு மணிக்கே ஆரம்பிப்பீங்கன்னு யாருக்குத் தெரியும்? நான் ஏழரைக்குத்தான் வருவேன்."

மிஸஸ் ஹெல்ம்ஸ் நோட்டை முழுதாகப் படித்தாள். அவளுக்குப் பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. நேர்மையானவள் என்பதும் தெரிந்தது. பக்கத்தில் இருந்த வேறு பத்துக் கட்டங்களை, இன்னும் படிக்க முடிகிற கற்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். ஓர் எழுத்துகூடத் தவறவில்லை.

"சரி, ஒத்துக்கறேன். ஜோனஸ் மாட்ஸோட மகன். மாட்ஸ் எஸ்கிலோட மகன். இப்ப உங்களுக்கு ஒரு புதுப் பிரச்சினை."

"ஏங்க, பழசே தீரலையே?"

"கப்பல் பட்டியல்ல ரெண்டு எஸ்கில் இருக்காங்க. எஸ்கில் லார்சன், எஸ்கில் நீல்சன். லார்சன் ராஜாவோட காட்டைக் கொளுத்தினதுக்காகக் கப்பல்ல ஏத்தி அனுப்பப்பட்டவர். நீல்சன் ஒழுங்கான ஆளு."

"அப்ப நான் நீல்சன் வம்சம்தாங்க" என்றான் டுவேன் உடனே.

"நீல்சன் கரை சேர்றதுக்கு முன்னாடியே கடல்ல செத்துட்டார்."

"அப்ப லார்சன்."

"மிஸ்டர் மாட்சன், இது காய்கறிக் கடை இல்ல. இது வேண்டாம் அது குடுன்னு கேட்க. நீல்சனோட மனைவியும் கைக்குழந்தையும் பிழைச்சு வந்திருக்காங்க. அந்தக் குழந்தை பேரும் தெரியாது. மாட்ஸ் எந்த எஸ்கிலோட பையன்னு ஒரு காகிதம் வேணும்."

"காட்டைக் கொளுத்தினவர் வாரிசுன்னா அக்டோபர் கிடைக்குமா?"

மிஸஸ் ஹெல்ம்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "என்னோட முன்னோர் ராஜாவோட மானைச் சுட்டவர். நாங்க அவரை வேட்டைப் பிரியர்னு எழுதியிருக்கோம்."

ஜூன் இருபத்தாறு. டுவேனுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. கூரைக்கு ஓடு மாற்றிய காலத்தில் அலுவலகத்துக்கு மேலே இருந்த பரணில் பழைய மரப்பெட்டிகள் இரண்டு பார்த்திருந்தான். அதில் இருக்கும், வேறெங்கே இருக்கப் போகிறது? கேட்டால் கமிட்டி கூட்டம் போட்டு, தீர்மானம் போட்டு, ஆகஸ்டில் அனுமதி தரும். அவன் தன் ஏணியையே போட்டு வெளிப்பக்கத்துச் சின்னக் கதவு வழியாக ஏறிவிட்டான்.

பரணில் எங்கே கால் வைக்க வேண்டும் என்பது கூரைக்காரனுக்குத் தெரியும். குறுக்குச் சட்டத்தின்மேல் மட்டும்தான். டுவேன் அப்படித்தான் போனான். முதல் பெட்டியைத் திறந்தான். லூசியா பண்டிகைக்குப் பெண் பிள்ளைகள் தலையில் வைக்கிற மெழுகுவர்த்திக் கிரீடங்கள், பதினெட்டு. இரண்டாவது பெட்டியைத் திறக்கக் குனிந்தபோது முழங்கால் ஒரு குத்துக் குத்தியது. அவன் காலைச் சற்றே நகர்த்தி வைத்தான்.

கீழே கமிட்டி கூடியிருந்தது. மனுக்களைப் பரிசீலித்துக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்புக் காரை மேஜைமேல் மாவு மாதிரி கொட்டியது. அதன் பின்னால் தொடை வரைக்கும் ஒரு கால் இறங்கி வந்து நின்றது.

கால் இரண்டு தடவை தரையைத் தேடிப் பார்த்தது.

"மிஸ்டர் மாட்சன்" என்றாள் மிஸஸ் ஹெல்ம்ஸ், மேலே பார்க்காமல். "இது உங்க காலா?"

மேலேயிருந்து அடக்கமான குரல் வந்தது. "ஆமாங்க."

"எடுங்க."

"வர மாட்டேங்குதுங்க."

தூங்கிக்கொண்டிருந்த கிழவர் கண் விழித்தார். தலையில் காரையோடு சுற்றிலும் பார்த்துவிட்டு, "என்ன, கப்பல் வந்துடுச்சா?" என்றார்.

எல்வுட்தான் ஏணியோடு வந்து கீழேயிருந்து பாதத்தைத் தள்ளினான். டுவேன் மேலேயிருந்து கத்தினான். கால் மேலே போனது, ஷூ எல்வுட் கையிலேயே நின்றுவிட்டது.

வெளியே புல்மேல் உட்கார்ந்து டுவேன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். தலை, புருவம் எல்லாம் வெள்ளை. எல்வுட் ஷூவைக் கொடுத்தான்.

"எதைத் தேடி மேல போனீங்க மேஸ்திரி?"

"பழைய காகிதம். எஸ்கில், மாட்ஸ் ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கிற மாதிரி ஏதாவது."

"அது கீழ பீரோல இருக்கு."

டுவேன் தேய்ப்பதை நிறுத்தினான்.

"ஓடை பொங்கின வருஷம் நான்தான் அதைத் தூக்கி மேல் தட்டுல வெச்சேன். மேஜை விரிப்புக்கு அடியில, பச்சை அட்டை. ஒரு பாதிரியார் ஊராளுங்க வெச்சிருந்த நிலப் பத்திரத்தையெல்லாம் பார்த்து நகலெடுத்து எழுதினது. நடுவுல ஆமைப் படம் போட்ட பக்கம் ஒண்ணு இருக்கும். அந்தப் பக்கத்தைக் கேளுங்க."

"அடப்பாவி! நான் காலை ஒடிச்சுக்கறதுக்கு முன்னாடி சொல்றதுக்கென்ன?"

"நீங்க எங்க கேட்டீங்க? ஏணியை எடுத்துட்டுப் போனீங்க. கூரைக்காரரு கூரைக்குப் போறாருன்னு நினைச்சேன்."

"நீயே அந்தப் பக்கத்தை எடுத்துப் படிச்சுச் சொல்லியிருக்கலாம்ல?"

"பழைய ஸ்வீடிஷ். எனக்கு அதுல படம்தான் புரிஞ்சுது. படிச்சுச் சொல்லுங்கன்னு மூணு தடவை கேட்டுப் பார்த்தேன். வாரிசுன்னு மனு போட்டவங்க கேட்டாத்தான் அந்தப் புத்தகத்தைத் திறந்து படிப்பாங்களாம். விதி ஆறு." எல்வுட் அவன் புருவத்திலிருந்து காரையைத் தட்டிவிட்டான். "நீங்க மனு போட்டிருக்கீங்க. நீங்க கேளுங்க."

ஜூன் இருபத்தொன்பதாம் தேதி, விட்டத்து ஓட்டைக்குப் பலகை அடித்திருந்த அறையில், மிஸஸ் ஹெல்ம்ஸ் கையுறை போட்டுக்கொண்டு பச்சைப் புத்தகத்தைத் திறந்தாள். பலகையை டுவேன்தான் இலவசமாக அடித்துக் கொடுத்திருந்தான். லொரெய்னும் கெல்சியும் சுவரோரமாக நின்றார்கள். எல்வுட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கதவோரத்தில் நின்றான். அவனை யாரும் கூப்பிடவில்லை, போகவும் சொல்லவில்லை.

ஆமைப் படம் போட்ட பக்கம் வந்தது. மிஸஸ் ஹெல்ம்ஸ் ஒவ்வொரு வரியாக விரல் வைத்து, மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனாள்.

"'எஸ்கில் லார்சனும் அவன் மகன் மாட்ஸும், ஓடையிலிருந்து பெரிய ஓக் மரம் வரைக்கும் உள்ள நிலத்தை, ஆமைக் குலத் தலைவரிடம் வாங்கி...'"

"லார்சன்!" என்று டுவேன் கத்தினான். "மகன் மாட்ஸ்! சொன்னீங்க இப்ப! நீங்களே சொன்னீங்க!"

"அப்பா, படிக்க விடு" என்றாள் கெல்சி. ஆனால் அவள் ஏற்கனவே அழ ஆரம்பித்திருந்தாள். லொரெய்ன் அவன் கையை எலும்பு நொறுங்கப் பிடித்தாள். கிழவர்கள் இருவரும் விழித்திருந்தார்கள்.

மிஸஸ் ஹெல்ம்ஸ் மட்டும் தொடங்கியதை முடிப்பவள். அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் படித்துக்கொண்டே போனாள். "'...விலை பேசியது: கோடாலி நாலு, கொடுத்தாகிவிட்டது. துணி பன்னிரண்டு முழம், கொடுத்தாகிவிட்டது. செம்புக் கொப்பரை ஒன்று, அறுவடை முடிந்ததும். எஸ்கில் இல்லாவிட்டால் மாட்ஸ், மாட்ஸ் இல்லாவிட்டால் அவன் வாரிசு...' சரி, இதுக்கு மேல நிலத்தோட எல்லை. நமக்குத் தேவையில்ல."

"தேவையே இல்லைங்க" என்றான் டுவேன்.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அந்த முகத்தில் சிரிப்பு வரும் என்று டுவேன் எதிர்பார்த்ததே இல்லை. "மிஸ்டர் மாட்சன், எஸ்கில் லார்சனோட வாரிசுன்னு உங்களை இந்தக் கமிட்டி ஏத்துக்குது. கல்லு விஷயம் பராமரிப்புன்னு எழுதிடறேன். அக்டோபர் ரெண்டாம் சனிக்கிழமை உங்க பொண்ணுக்கு."

படிவத்தை நீட்டினாள். 'எஸ்கில் லார்சனின் சட்டப்படியான வாரிசாக, எல்லா உரிமைகளையும் பொறுப்புகளையும் ஏற்றுக்கொள்கிறேன்.' டுவேன் படிக்காமலே கையெழுத்துப் போட்டான். கூரைக்கு விலை சொல்கிற காகிதத்தில் போடுகிற அதே பெரிய கையெழுத்து.

"ஒரு சாட்சி வேணும். குடும்பத்து ஆள் கூடாது."

"நான் போடறேன்" என்றான் எல்வுட். அதற்குள் மேஜைக்கருகே வந்துவிட்டிருந்தான். வாரிசின் பெயர் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று ஒரு தடவை படித்துப் பார்த்தான். தன் பெயரை எழுதி, பக்கத்தில் சின்னதாக ஓர் ஆமை வரைந்தான்.

மிஸஸ் ஹெல்ம்ஸ் எட்டிப் பார்த்தாள். "இது என்ன?"

"எங்க வீட்டுக் கையெழுத்துங்க."

அவள் ஆமையைப் பார்த்தாள். திறந்திருந்த பச்சைப் புத்தகத்தைப் பார்த்தாள். மறுபடியும் ஆமையைப் பார்த்தாள். பிறகு முத்திரையை எடுத்துக் குத்தினாள்.

இருபத்திரண்டு படியையும் டுவேன் முழங்கால் ஞாபகமே இல்லாமல் இறங்கினான். லொரெய்ன் அழைப்பிதழ்களை அன்றைக்கே தபாலில் சேர்க்க வேண்டும் என்று வண்டியைக் கிளப்பப் போனாள். கெல்சி சுவருக்கு ஓடினாள். ஆறு வயதில் உட்கார்ந்த அதே இடத்தில் ஏறி உட்கார்ந்து, மேப்பிள் மரத்தை அண்ணாந்து பார்த்தாள். ஜூனில் அது பச்சையாகத்தான் இருந்தது.

டுவேன் எல்வுட்டைப் பிடித்து இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

"நீ இல்லேன்னா எலி வாடைலதான்யா என் பொண்ணு கல்யாணம். நீ வந்துரணும், மொத வரிசைல உட்காரணும். ஆமா, நீ தேடிட்டிருந்த ஆளு என்னாச்சு?"

"கிடைச்சுட்டாரு மேஸ்திரி."

"அப்படியா! பார்த்தியா, ரெண்டு பேருக்கும் ஒரே மாசத்துல கிடைச்சிருக்கு. யாரு, உங்க பாட்டனாரா?"

"பாட்டனாரு எங்கயும் போகலயே. அவரை எதுக்குத் தேடணும்?" எல்வுட் நோட்டைப் பிரித்து, முதல் பக்கத்தில் எதையோ ஒரு கோடு போட்டு அடித்தான்.

"சரி அதை விடு. நீ பண்ணினது சின்ன உதவி இல்ல. சொல்லு, நான் உனக்கு என்ன தரணும்? கூச்சப்படாம கேளு."

எல்வுட் நோட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, வண்டிப் பெட்டியில் வைத்து, ஆமை வரைந்த மூடியைச் சாத்தினான்.

"நாலு கோடாலி வந்துருச்சு, துணியும் வந்துருச்சு. முந்நூத்தம்பது அறுவடை முடிஞ்சும் எங்க பாட்டனாருக்கு வராம இருக்கிறது ஒரு செம்புக் கொப்பரைதான் மேஸ்திரி."